நார்டின் வீட்டில் குடியிருக்கும் தெக்லா பாரன்

வெந்த கோஸ் இலையை இடது உள்ளங்கையில் விரித்தாள் தெக்லா. நடுநரம்பைக் கத்தியால் சீவினாள். ஒரு கரண்டி சோறும் வதக்கிய வெங்காயமும் வைத்தாள். ஒரு மடிப்பு, மறு மடிப்பு, இரண்டு ஓரங்களையும் விரலால் உள்ளே குத்தித் தட்டில் அடுக்கினாள். நான் ஒன்று சுருட்டி முடிப்பதற்குள் அவள் மூன்றை முடித்துவிட்டு, என்னுடையதைப் பிரித்துத் திருத்தவும் செய்தாள்.

"மேவிஸ், நீ கோஸ் சுருட்டறியா, யாருக்காவது கட்டுப் போடறியா?"

"முப்பத்தொரு வருஷம் கட்டுத்தான் போட்டேன். நான் போட்ட கட்டு எதுவும் அவுந்ததில்ல."

"அவுக்கறதுக்கு நோயாளி பயந்திருப்பான்."

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மறுநாள் எங்கள் ஊரின் அறுவடை விருந்து. ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் நானூறு பேர் வருவார்கள். வான்கோழியையும் உருளைக்கிழங்கையும் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். கோஸ் சுருள் மட்டும் தெக்லா செய்தால்தான் உண்டு. மொத்தம் அறுநூறு. அந்த அறுநூறும் இந்த வருடம் விருந்து நடக்கும் கிறிஸ்தவக் கோயில் கூடத்துக்குப் போகுமா என்பது அந்த மணி வரை முடிவாகவில்லை.

"சுருட்டறது என் இஷ்டம்," என்றாள் தெக்லா. "அனுப்பறது ஆர்வில் நடப் போற போர்டைப் பொறுத்தது. அதுல நார்டின்னு இருந்தா ஒரு சுருள்கூட இந்த வாசலைத் தாண்டாது."

"அறுநூறையும் நீயே சாப்பிடுவியா?"

"பன்னி இருக்கு."

போர்டு விஷயம் இதுதான். எங்கள் ஊர் வில்லோ லேண்டிங்குக்கு அந்த வருடம் எண்பது வயது. வண்டிகளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் ஃபெரிப் படகில் வந்து இறங்குகிறவர்கள் பார்ப்பதற்காகத் துறையில் ஒரு பெரிய போர்டு வைப்பதாக ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்திருந்தோம். ஊரின் பன்னிரண்டு அடையாளங்கள், படத்தோடு. தானியம் சேமிக்கும் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, ரயில் வராத ரயில் பாலம், சிமெண்டில் செய்த இருபதடி மீன் என்று போகும் பட்டியலில் ஏழாவதாகத் தெக்லாவின் வீடு. துறையிலிருந்து மேடேறினால் முதல் வீடு அதுதான். 1914இல் கட்டியது. போர்டுக்கான கமிட்டியில் மூன்று பேர்: தானியக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வில், நான், குளிர் தொடங்கும் முன்பே அரிசோனாவுக்குப் பறந்துவிடும் இன்னொருவர். எழுத்து வேலை ஆர்வில்லுடையது. 'நார்டின் வீடு' என்று எழுதி வைத்திருந்தார்.

நார்டின் குடும்பம் அந்த வீட்டைத் தெக்லாவுக்கும் அவள் புருஷன் பாவ்லோவுக்கும் விற்றது ஐம்பத்து மூன்றில். விற்றுவிட்டு வடக்கே பதினோரு மைல் தள்ளிப் பண்ணைக்குப் போனார்கள். இப்போது அங்கே ஐவர் நார்டின் இருக்கிறார், எழுபத்து நான்கு வயது. அவர் பிறந்தது தெக்லாவின் வீட்டில். நாற்பத்தொரு வருடமாகப் பாரன் குடும்பம்தான் அதில் வாழ்கிறது என்றாலும், வீட்டுக்குப் பெயர் நார்டின் வீடு.

எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். வழி கேட்டால், "பேக்கரி இருந்த இடத்துல திரும்பு" என்போம். பேக்கரி எரிந்தது அறுபத்தொன்றில். "பழைய பள்ளிக்கூடம் தாண்டி" என்போம். அங்கே இருப்பது கோதுமை வயல். வழக்கத்தைத் தெக்லா குறை சொன்னதில்லை, ஒரு வீட்டைத் தவிர. கால்கரி நகரத்தில் இருக்கும் அவளுடைய சொந்த மகன் கிறிஸ்துமஸ் பார்சலில் 'நார்டின் வீடு' என்று எழுதி அனுப்புகிறான். ஆறு வருடத்துக்கு முன் பாவ்லோ இறந்தபோது பத்திரிகை அறிவிப்பில் 'நார்டின் வீட்டில் வசித்த பாவ்லோ பாரன்' என்று போட்டார்கள். அந்தத் துண்டை வெட்டி அலமாரியில் வைத்திருக்கிறாள். பாசத்தில் இல்லை, கோபத்தில்.

செப்டம்பர் கூட்டத்துக்குத் தெக்லா நேரிலேயே வந்தாள்.

"அது பாரன் வீடு. அப்படியே எழுது," என்றாள்.

ஆர்வில் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "உனக்கு ஊர் வழக்கம் தெரியாதா, தெக்லா? வீட்டுக்கு இருக்கறவங்க பேரு வராது, போனவங்க பேருதான் வரும். நீ போனதும் அது தானா பாரன் வீடு ஆயிடும்."

"எங்க போகச் சொல்ற? கல்லறைக்கா?"

"அவசரமில்ல."

"அங்க போனா ஒரு கல்லுல என் பேரை அவங்களே வெட்டிடுவாங்க. அதுக்கு உன் தயவு எதுக்கு?"

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பேர் எதுக்கு, தெக்லா? கண்டுபிடிக்கத்தானே? நார்டின் வீடுன்னா எல்லாருக்கும் தெரியும். இதுவரைக்கும் யாரும் வழி தப்பினதில்ல," என்று சொல்லி, ஆர்வில் பக்கம் கையைத் தூக்கினேன். இருபத்திரண்டு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் நான் வார்டிலும் அவள் சமையலறையிலுமாக வேலை பார்த்தோம். தோழிக்காக நியாயத்தை மாற்றக் கூடாது என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

தெக்லா எனக்கு அதற்காக முகம் திருப்பவில்லை. அவள் குணம் அது. சண்டை போடுகிற ஆளைச் சமையலறையில் உட்காரவைத்து வேலை வாங்கிக்கொண்டே சண்டை போடுவாள். பிறந்தது ஆற்றின் தென்கரையில், நான்கு மைல் தூரம். அதனால் எழுபத்திரண்டு வயதிலும் ஊருக்கு அவள் அக்கரைக்காரி. டிசம்பரில் ஆறு உறைந்ததும் முதலில் நடந்து கடப்பவள் அவள்தான். பனி உடைந்தால் உள்ளே விழாமல் தொங்கிக்கொள்ள ஒரு நீளக் கழியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு அக்கரையிலிருக்கும் அக்காவைப் பார்க்கப் போவாள். ஊறுகாய்ப் பாட்டிலோடு அவள் திரும்பி வந்தால், பனி தாங்கும் என்று ஊர் தெரிந்துகொள்ளும். பனிக்கட்டி மேல் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்தில், கல்லுக்கு முன்னால் தேய்க்கும் துடைப்பத்தைப் பிடித்தால் எதிரணி இளைஞர்களுக்கு மூச்சு வாங்கும். கோயில் பாட்டுக் குழுவில் அரை சுருதி மேலே பாடுவாள். மற்றவர்கள் கீழே பாடுவதாக அவள் நினைப்பு. ஆஸ்பத்திரியை மூடி ஒரு வருடமான பிறகும், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பீட்ரூட் சூப் முதலில் போய்ச் சேர்வது அவள் வீட்டிலிருந்துதான்.

நானூற்று அறுபதாவது சுருளில் இருந்தோம். வாசலில் கார் ஹாரன் விடாமல் அலறியது.

ஃபெரி ஓட்டும் டார்சி. அக்கரையில் குடியிருக்கிறான். பக்கத்தில் அவன் கர்ப்பிணி மனைவி ரொஷெல், கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, ஃபெரியைத் தானே ஓட்டி ஆற்றைக் கடந்து, மேடேறி முதல் வீட்டில் நின்றுவிட்டான்.

"இன்னும் மூணு வாரம் இருக்குன்னாங்க," என்றான் டார்சி.

"அதைக் குழந்தைகிட்ட சொல்லு," என்றேன். "ரொஷெல், வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருது?"

"எங்க போச்சு, திரும்பி வரதுக்கு?"

அது போதும். இரண்டு பேருமாகத் தாங்கி உள்ளே கொண்டுவந்தோம். படுக்கையறை வரைக்கும் அவளால் வரமுடியவில்லை. சமையலறைத் தரையிலேயே மெத்தை விரிப்பைப் போட்டோம். சுவர்த் தொலைபேசியில் மார்லோவுக்கு அழைத்தேன். எங்களுக்கு இருக்கும் ஒரே ஆம்புலன்ஸ் பதினைந்து மைல் தள்ளி அங்கேதான் நிற்கிறது. அதை ஓட்டும் லைல் எடுத்தான்.

"லைல், மேவிஸ் பேசறேன். நார்டின் வீட்டுக்கு வா. சீக்கிரம்."

"நார்டின் வீடா? ஐயோ! இதோ கிளம்பிட்டேன்." வைத்துவிட்டான். என்ன கேஸ் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நல்ல சுறுசுறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் பார்த்த பிரசவம் இருநூறுக்கு மேல் இருக்கும். கையில் பிடித்தது ஒன்றுகூட இல்லை. உதவியாளர்கள் காலைப் பிடிப்போம், துண்டு கொடுப்போம், திட்டு வாங்குவோம். அன்று இன்னொரு சங்கடம், என் முழங்கால். குனிந்தால் எழ முடியாது.

"தெக்லா, கையைக் கழுவு. முழங்கை வரைக்கும். நகத்துக்குள்ள சோறு இருக்கக் கூடாது. நீதான் கீழ உக்காரணும். நான் சொல்லச் சொல்லச் செய்."

"கன்னுக்குட்டி நாப்பது எடுத்திருக்கேன்."

"இழுக்காத! இது கன்னுக்குட்டியில்ல. தானா வரும், நீ தாங்கிப் பிடி."

துண்டுகளை ஓவன் அடுப்புக்குள் மிதமான சூட்டில் வைத்தேன். அதற்குள் ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம். ஃபெரி இந்தக் கரையில் அநாதையாக நிற்கிறது. அங்கே ஆறு வண்டிகள் வரிசையில்.

"அந்தச் சத்தத்தை நிறுத்துடா!" என்று கத்தினாள் ரொஷெல்.

டார்சி வாசலுக்கு ஓடி, கையைக் குவித்து, "என் பொண்டாட்டிக்கு வலி வந்திருக்கு!" என்று ஆற்றைப் பார்த்துக் கூவினான். தண்ணீர் மேல் சத்தம் நன்றாகப் போகும். ஹாரன் நின்றது. ஒரு நிமிடம் கழித்து ஆறு ஹாரனும் ஒன்றாக அடித்து வாழ்த்துச் சொல்லின.

"இன்னும் மோசம்," என்றாள் ரொஷெல். ஆனால் சிரித்துவிட்டாள். சிரித்தது நல்லதாகப் போயிற்று.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தெக்லாவின் கைகளில் வெங்காய வாசனை எவ்வளவு கழுவியும் போகவில்லை. குழந்தை அதைத்தான் முதலில் முகர்ந்தது. முகர்ந்து தும்மியது, பிறகு வீறிட்டது. துடைத்தோம். அம்மாவின் நெஞ்சில் போட்டு, சூடான துண்டால் மூடினோம். தொப்புள்கொடியைத் தொடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்போது வெட்டிக்கொள்ளட்டும், வீட்டில் கத்தியைத் தேடி அலைய வேண்டாம் என்றேன்.

டார்சி மறுபடியும் வாசலுக்கு ஓடினான். "பொண்ணு!" அக்கரை மறுபடியும் முழங்கியது.

ஆனால் ஆம்புலன்ஸ் வரவில்லை. மூன்றே கால். மூன்றரை. ரத்தப்போக்கு எவ்வளவு என்று பார்த்தேன், நாடி பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மார்லோவிலிருந்து இருபது நிமிடம்தான்.

"லைலுக்கு என்ன ஆச்சு?" என்றாள் தெக்லா.

"டயர் பஞ்சராயிருக்கும்."

நாலு மணிக்குச் சைரன் கேட்டது. மார்லோ சாலையிலிருந்து இல்லை, வடக்கிலிருந்து. லைல் உள்ளே ஓடி வந்தான், முகம் சிவந்து.

"மேவிஸ்! நார்டின் வீடுன்னு சொன்னீங்களே!"

"இது என்ன வீடு பின்ன?"

"நார்டின் இங்கயா இருக்காரு?"

முப்பத்தொரு வருடத்தில் விலாசம் சொல்லாமல் நான் ஒரு நோயாளியைக்கூட அனுப்பியதில்லை. தப்பு என்னுடையது. அதை அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஐவர் நார்டினுக்கு இரண்டு வாரத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து, லைல்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். மறுபடியும் அவருக்குத்தான் என்று நினைத்துப் பண்ணைக்குப் பறந்திருக்கிறான். லைல் கொடியை வெட்டிக்கொண்டிருந்தபோது, ஆம்புலன்ஸ் பின்னாலேயே தன் டிரக்கில் வந்த ஐவர் நார்டின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"நான் பாட்டுக்கு ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுட்டு இருந்தேன். வந்து படுங்கன்னாங்க, படுத்தேன்," என்றார்.

"ஏன் படுத்தீங்க? உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றதுதானே?" என்றேன்.

"டாக்டருங்க என்கிட்ட சொல்லாததை இவங்ககிட்ட ஏதோ சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். மரியாதைக்குப் படுத்தேன். ஸ்ட்ரெச்சர் பெல்ட்டு கூடப் போட்டாச்சு. கேட் கிட்ட போனதும்தான் யார் போன் பண்ணாங்கன்னு கேட்டேன். மேவிஸுன்னான். மேவிஸ் என் வீட்டுல என்ன பண்றா அப்படின்னு கேட்டேன்."

ரொஷெல் தரையில் படுத்தபடியே சிரித்தாள். வயிறு வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்றாள். போவதற்கு முன் பசிக்கிறது என்று கேட்டு வாங்கி, அடுப்பில் முதலில் வெந்த தட்டிலிருந்து இரண்டு சுருள் சாப்பிட்டாள். பிறகு மூன்றாவது. நான் தடுக்கவில்லை. அம்மாவும் குழந்தையும் ஆம்புலன்ஸில் ஏறினார்கள். ஊரில் ஃபெரி ஓட்ட உரிமம் இருந்த வேறொருவர் அக்கரை வண்டிகளைக் கொண்டுவரப் போனார். டார்சி காரில் பின்னாலேயே விரைந்தான்.

ஐவர் நார்டின் மட்டும் போகவில்லை. சமையலறை நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இங்க ஒரு சுவர் இருந்தது."

"பாவ்லோ இடிச்சாரு. ஐம்பத்தேழுல," என்றாள் தெக்லா.

"மாடிப்படி அந்தப் பக்கமா வரும்."

"திருப்பி வெச்சோம். உங்க படியில எல்லாரும் உருண்டாங்க."

"நானும் உருண்டிருக்கேன்." தாடையிலிருந்த தழும்பைக் காட்டினார். "நிலவறை?"

"தண்ணி வந்தது. மூடிட்டு வேற தோண்டினோம். கூரை மூணு தடவை மாத்தியாச்சு."

"அப்போ எங்களுதுன்னு என்னதான் மிச்சம்?"

தெக்லா யோசித்தாள். "கூரை மேல அந்தத் தகரச் சேவல். காத்தடிச்சா தப்பான திசையைக் காட்டும்."

"அது எங்க அப்பா பண்ணினது. சரியா எங்க குடும்பம் மாதிரியே இருக்கு," என்றார் ஐவர்.

சைரன் கேட்டு ஊர் பாதி வாசலில் கூடியிருந்தது. ஆர்வில்லும் வந்தார், விரலெல்லாம் கறுப்புப் பெயிண்ட். நடந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியில், "ஆர்வில், கூட்டத்துல நான் உங்க பக்கம் கையைத் தூக்கினேன். இப்ப இறக்கறேன்," என்றேன்.

"போர்டு எழுதி வார்னிஷே போட்டாச்சும்மா."

"சுரண்டலாம்."

"கமிட்டியில மூணு பேரு."

"ஒருத்தர் அரிசோனாவுல வெயில் காயறார். நீங்களும் நானும்தான். ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்போ என்னையும் சேத்துக்கங்க," என்றார் ஐவர். "போர்டுல இருக்கறது என் பேருதானே? எனக்கு ஒரு வீடு போதும். ரெண்டு வீடு இருந்தா, நிஜமா நெஞ்சு வலிக்கிற அன்னிக்கு ஆம்புலன்ஸ் இங்க வந்து தெக்லாவைப் படுக்க வெச்சுக் கட்டிக்கிட்டுப் போயிடும்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்வில் தெக்லாவைப் பார்த்தார். தெக்லா தரையைத் துடைத்து, கையைக் கழுவி, மேசைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து சுருட்டத் தொடங்கியிருந்தாள். இன்னும் நூற்று நாற்பது. அவள் கெஞ்ச மாட்டாள்; நாற்பத்தொரு வருடம் கெஞ்சாதவள். ஆனால் அவள் கை வேகம் பாதியாகக் குறைந்திருந்ததை நான் கவனித்தேன். ஆர்வில் என்ன சொல்வார் என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் போட்ட வார்னிஷ் ராத்திரி காயட்டும். புதுசு காய நாலு மணி நேரம் வேணும்," என்றார் ஆர்வில் மெதுவாக. "பத்து மணிக்குப் போர்டை நடணும். அப்போ காலைல அஞ்சுக்கே ஆரம்பிக்கணும்."

"நாலரைக்கு நான் வந்து சுரண்டறேன்," என்றேன்.

தெக்லாவின் கை பழைய வேகத்துக்கு வந்தது. "வெறுமனே நிக்கறவங்க கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள் வாசலைப் பார்த்து. ஒன்பது பேர் வந்தார்கள். ஐவர் நார்டினும் உட்கார்ந்தார். அவர் சுருட்டியது என்னுடையதைவிட மோசம். ஆறு மணிக்குள் அறுநூறும் தட்டில் ஏறின.

குழந்தைக்கு ஆம்பர் என்று பெயர் வைத்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து டார்சி தொலைபேசியில் சொன்னான். உன் பெயரை வைப்பார்கள் என்று எதிர்பார்த்தாயா என்று தெக்லாவிடம் கேட்டேன். "குழந்தைக்கு எதுக்குடி என் பேரு? எனக்கு வீட்டுக்குத்தான் வேணும்," என்றாள்.

மறுநாள் காலை நாலரைக்கு ஆர்வில்லின் கொட்டகையில், முழங்காலுக்கு வேலை வைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏழாம் எண்ணுக்கு எதிரே இருந்த பெயரைச் சுரண்டினேன். ஐந்துக்கு ஆர்வில் தூரிகையை எடுத்தார். ஐந்தரைக்கு, வரச் சொல்லாமலே, இரவு உடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு தெக்லா வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"கடைசி எழுத்து ஒல்லியா இருக்கு," என்றாள்.

"எல்லாம் ஒரே அளவுதான், தெக்லா."

"ஒல்லியா இருக்கு."

ஆர்வில் அதைப் பருமனாக்கினார். நான் வீட்டுக்குப் போய், மார்லோவில் இருக்கும் லைலைத் தொலைபேசியில் எழுப்பி, "பாரன் வீடு, துறையிலிருந்து மேடேறினா முதல் வீடு," என்று சொல்லி, இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தேன். பத்து மணிக்கு நாலு பேராகப் போர்டை நட்டோம். பத்தேகாலுக்குத் தெக்லா தன் டிரக்கைப் பின்பக்கமாகச் சமையலறை வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஆறு பெரிய தட்டுகளையும் நாங்கள் இருவரும் தூக்கி ஏற்றிக் கோயில் கூடத்துக்குக் கொண்டுபோனோம்.